இருபது மடக்கு

மூட்டு என்ற சொல்லை யாராவது தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டால் போதும், அவள் பிடித்துக்கொள்வாள். கதவுக் கீல், குடைக் கம்பி, மேசை விளக்கின் கழுத்து என்று எதைப் பார்த்தாலும் அவளுக்கு உடம்பில் ஓர் இடம் ஞாபகம் வரும். ஒருநாள் தம்பி கடிக்கப்போன கோழிக்காலை அவன் வாயருகிலிருந்து பிடுங்கி, "இந்த முனையில வெள்ளையா வழவழன்னு இருக்கு பாரு, இதான் குருத்தெலும்பு. ஐஸ் மேல ஐஸ் வழுக்கும்ல, அதவிட நல்லா வழுக்கும்" என்று வகுப்பெடுத்தாள். தம்பி கையை நீட்டியபடியே காத்திருந்தான். வகுப்பு முடிவதற்குள் சாப்பாடு ஆறிவிட்டது. அன்றைக்குத்தான் அவன் மூட்டைப்பூச்சியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி அவளுக்கு மூட்டுப்பூச்சி என்று பெயர் வைத்தான். பிறகு ஒரு மதியம், அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தவன், வேலை செய்யும் இடத்து வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தொலைத்தான். அங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது.

அவள் பிசியோதெரபிஸ்ட். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சிகிச்சை மையம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. முழங்கால் வலிக்காரர்கள் வரவேண்டிய இடத்தை மாடியில் வைத்த புண்ணியவான் யார் என்று படியேறி வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். உள்ளே நீளமான ஓர் அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கூரையில் கப்பி போட்டுத் தொங்கும் கயிறுகள், ஆணியில் மாட்டிய கலர் கலரான ரப்பர் பட்டைகள், மூலையில் ஒத்தடத்துக்கு உருக்கிய மெழுகின் வாசனை. ஜன்னலோரம் கொக்கியில் தொங்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்கு ஒல்லி மாமா என்று பெயர். அங்கே தலைமைப் பிசியோவை எல்லாரும் மேடம் என்பார்கள். மேடம் பாராட்டினால் 'ம்' என்பார். கோபித்தாலும் அதே 'ம்'தான். வித்தியாசம் புருவத்தில் இருக்கும்.

இதுவரை மூட்டுப்பூச்சிக்குக் கிடைத்த வேலைகள் மெழுகு உருக்குவது, மெஷினுக்கு நேரம் வைப்பது, துண்டு மடிப்பது. அன்று காலை மேடம் ஓர் எக்ஸ்ரே உறையை அவள் கையில் வைத்தார்.

"முழங்கை. உன் கேஸ். ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் நீயே பாரு."

"நானேவா மேடம்?"

"அமுக்காத, திருகாத. முழங்கைய நாம பலவந்தமா வளைச்சா அது இன்னும் முறைச்சுக்கும். அவரேதான் மடக்கணும், அவரேதான் நீட்டணும். நீ சொல்லிக் குடுத்தா போதும்."

"சொல்றதுதானே மேடம், அதுல என்ன குறை வச்சிடப் போறேன்."

"அதான் எனக்கும் பயம்" என்றார் மேடம்.

வந்தவர் பஸ் டிரைவர். கூடவே அவர் மனைவி. தையல்காரர். கழுத்தில் போட்ட அளவு நாடாவைக் கழற்ற மறந்து மாலை மாதிரி அப்படியே வந்திருந்தார். எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் மனைவியிடமிருந்துதான் வந்தது.

"ஓட்டுநருடன் பேசாதீர்கள்னு பஸ்ல எழுதியிருக்கும்ல மா. இவரு அத வீட்டுக்கும் சேத்து எடுத்துக்கிட்டாரு" என்றார்.

இத்தனை வருஷம் நெரிசலான சாலையில் ஒரு சைக்கிளைக்கூட உரசாமல் ஓட்டிய மனிதர், குளியலறை வாசலில் மிதியடி வழுக்கித் தன் கை மேலேயே விழுந்துவிட்டார். வலது முழங்கையில் முறிவு. கட்டுப் போட்டார்கள், எலும்பு கூடியது, கட்டைப் பிரித்தார்கள். கை மட்டும் கட்டுக்குள் இருந்த வாக்கிலேயே நின்றுவிட்டது. கொஞ்சம் மடங்கும், கொஞ்சம் நீளும். வாய்க்கு எட்டாது. இடது கையால் சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சட்டையில் பாதி போகிறது.

"அதுகூடப் பரவால்ல, துவைச்சுக்கலாம்" என்றார் மனைவி. "இப்ப எங்க உக்கார வச்சிருக்காங்க தெரியுமா? பஸ் ஸ்டாண்டு மைக் ரூம்ல. எந்த பஸ் கிளம்புதுன்னு இவரு அறிவிக்கணுமாம். வீட்டுல ஒரு வார்த்த வாங்கவே நான் தவம் கிடக்கிறேன். அடுத்த மாசக் கடைசியில டிப்போ டாக்டர் கைய பாப்பாரு. சரியா இருந்தா திரும்ப பஸ்ஸு. இல்லன்னா ரிட்டயர் ஆகுற வரைக்கும் மைக்குதான்."

டிரைவர் தரையைப் பார்த்தபடி, "மைக்கு வேண்டாம்" என்றார். அன்று அவர் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

மூட்டுப்பூச்சிக்கு ரத்தம் சூடானது. ஓடிப்போய் ஒல்லி மாமாவைக் கொக்கியோடு தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, இங்க பாருங்க. தோள்ல இருக்கிறது பந்துக்கிண்ண மூட்டு. கிண்ணத்துக்குள்ள பந்து. அதான் முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டு, ஒரு சுத்து, எல்லாப் பக்கமும் போகுது. முழங்கை அப்படி இல்ல. கீல் மூட்டு. கதவு மாதிரி திறக்கும், மூடும், முடிஞ்சது கதை. ஆனா அதுகூடவே இன்னொரு மூட்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. முளை மூட்டு. முன்னங்கையில ரெண்டு எலும்பு இருக்குல்ல, ஒண்ணு சும்மா நிக்கும், இன்னொண்ணு அது மேல உருளும். சாவி திருகுறோம், திருகாணி முடுக்குறோம், எல்லாம் அதால. எங்க, உள்ளங்கைய மேல திருப்புங்க, கீழ திருப்புங்க. ஆங், அது ஜம்முனு இருக்கு. கீலுதான் பிடிச்சுக்கிச்சு. கீலுக்கு எண்ணெய் வேணும்ல? அதுவும் உள்ளயே இருக்கு. முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு திரவம். அசைச்சா நல்லாப் பரவும், அசைக்காம வச்சா..."

அவள் மூச்சு வாங்க நிறுத்தவில்லை. டிரைவரின் வலது கை மெல்ல எழுந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டிருந்தது. பாதி தூரம் வந்து, மார்புக்கு நேராக அந்தரத்தில் நின்றது.

"என்னண்ணா, ஃபேனா? இதோ போடறேன்" என்று ஃபேனைப் போட்டாள்.

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

மேசையில் பவுடர் தூவி, அதன் மேல் கையை வழுக்கி வழுக்கிக் கொஞ்ச நேரம் பயிற்சி நடந்தது. அடுத்த வாரம் வரச் சொன்னாள். அவர்கள் வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் வீட்டுப் பயிற்சி ஞாபகம் வந்தது. ஒரு கையில் அடுத்த படுக்கையின் திரையைப் பிடித்தபடியே கடகடவென்று சொன்னாள்.

"அண்ணா, மறந்துட்டேன். தண்ணி நிறைய குடிக்கணும், உடம்பு காயக் கூடாது. அப்புறம் வீட்டுல காலையில இருபது மடக்கு, மத்தியானம் இருபது மடக்கு, சாயங்காலம் இருபது மடக்கு. மொதல்ல வெந்நீர் வச்சுக்கோங்க. அவசரமே வேண்டாம், ஒவ்வொரு மடக்குக்கும் நடுவுல நிறுத்தி மூச்சு விடுங்க. முடியலன்னு பாதியில விட்டுடாதீங்க. அக்கா, பக்கத்துல இருந்து நீங்க எண்ணுங்க, ஏமாத்திடப் போறாரு."

"என்கிட்டயா? ஒண்ணு குறைய விடமாட்டேன் மா" என்றார் மனைவி.

டிரைவர் எதையோ கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் திரை மூடிவிட்டது. அவரும் வாயை மூடிக்கொண்டார்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போக அவள் பஸ் ஸ்டாண்டில் நின்றாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஏழாம் நம்பர்."

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. நெடுநேரம் கழித்து, "கிளம்புது" என்றது.

"எங்க கிளம்புதுன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவாரு?" என்று பக்கத்தில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு நாலா பக்கமும் ஓடினார்.

மூட்டுப்பூச்சி மைக் அறைக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். டிரைவர் எதிரில் ஒரு ஃபிளாஸ்க். இடது கையில் டம்ளர். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். மூச்சு விட்டார். இன்னொரு வாய். அவளைப் பார்த்ததும் டம்ளரை உயர்த்திக் காட்டி, 'பாத்தியா' என்பதுபோலத் தலையாட்டினார். தண்ணி குடிக்கச் சொன்னதையே இவ்வளவு சிரத்தையாகச் செய்கிறாரே, அப்படியென்றால் கையை எப்படிப் பயிற்சி செய்துகொண்டிருப்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுத் துள்ளாத குறையாகப் பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் வந்தபோது அளந்து பார்த்தாள். இரண்டு அளவுகோல்களை ஓர் ஆணியில் கோத்தது மாதிரி இருக்கும் கோணமானியை முழங்கையில் வைத்தாள். எடுத்தாள். திருப்பி வைத்தாள். போன வாரம் எங்கே நின்றதோ அங்கேயேதான் நின்றது. ஒரு கோடுகூட நகரவில்லை.

"வீட்டுல செஞ்சீங்களாண்ணா?"

தலையாட்டினார்.

"மூணு வேளையும்?"

"ஒரு வேளை தப்பல மா" என்றார் மனைவி. "நான்தான் எண்ணினேன். இருபதாவது வரும்போது மனுஷனுக்குக் கண்ணு பிதுங்குது. ராத்திரியில வேற அடிக்கடி எழுந்திருக்காரு."

"வலியாலயா?"

"வலியெல்லாம் இல்ல." மனைவி குரலைத் தாழ்த்தினார். "பாத்ரூமுக்கு."

முழங்கைக்கும் பாத்ரூமுக்கும் என்ன சம்பந்தம். கழுத்திலிருந்து விரல் வரைக்கும் இருக்கிற நரம்பையெல்லாம் அவள் மனசுக்குள் ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்தாள். எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேடம் முன்னால் வந்தார்.

"எப்படிச் செய்யறீங்கன்னு ஒரு தடவ செஞ்சு காட்டுங்க."

டிரைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி பையைத் திறந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார். டம்ளர் நிறைய வெந்நீர் ஊற்றி அவர் இடது கையில் கொடுத்தார். டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு" என்றார் மனைவி. "நிறுத்துங்க. மூச்சு விடுங்க. ரெண்டு."

மூட்டுப்பூச்சி கோணமானியைக் கீழே வைத்தாள்.

"அக்கா" என்றாள் மூட்டுப்பூச்சி. "நான் கைய மடக்கச் சொன்னேன்."

"மடக்குன்னு சொன்னீங்க" என்றார் டிரைவர். "கைன்னு சொல்லல."

அன்று வாசலில் சொன்னதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. தண்ணி நிறைய. வெந்நீர். நிறுத்தி மூச்சு விட்டு. முடியலன்னு விட்டுடாதீங்க. சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வரிசையில் வந்து அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிற்று.

"வெந்நீர் வச்சுக்கோங்கன்னு வேற சொன்னியே மா" என்றார் மனைவி.

"அது ஒத்தடத்துக்கு அக்கா."

"அத சொல்லணும்ல." மனைவி கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, உங்களுக்காவது சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு."

"அப்ப கேட்டிருக்கலாம்ல?"

டிரைவர் மூட்டுப்பூச்சியை ஒரு பார்வை பார்த்தார். "கேக்க சந்து கிடைக்கல."

முதலில் சிரித்தது மேடம்தான். அப்படி ஒரு சம்பவத்தை அந்த அறை பார்த்ததில்லை. ஒல்லி மாமாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு புருவம் இறங்கியது.

"வாய் மூடாம வேலை பாக்கிற மூட்டுன்னா தாடை மூட்டுதான். உன்னோடதுக்கு லீவே கிடையாதா? ஒரு வாரம் வீணாப் போச்சு. இவருக்கு அத்தனை வாரம் கையில இல்ல. அடுத்த தடவை கோணம் நகரலன்னா நான் எடுத்துக்கறேன்."

மூட்டுப்பூச்சி டிரைவரின் இடது கையில் இருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இந்தத் தண்ணி குடிக்கிறது நல்லாப் பழகிடுச்சா?"

"குடிக்கலன்னா இப்ப ஏதோ போல இருக்காம்" என்றார் மனைவி.

"அப்ப அதையே குடிங்க. வலது கையால."

டிரைவர் டம்ளரை வலது கைக்கு மாற்றி உயர்த்தினார். ஒரு சாண் இடைவெளி இருக்கும்போதே கை நின்றுவிட்டது. உடனே கழுத்து வாத்து மாதிரி நீண்டு டம்ளரைத் தேடிப் போனது.

"பாத்தீங்களா, கழுத்து கள்ளாட்டம் ஆடுது. ஒரு மூட்டு வேலைக்கு வரலன்னா பக்கத்து மூட்டு ஓவர்டைம் பாக்கும். தோள் தூக்கும், முதுகு வளையும், முழங்கை நிம்மதியாத் தூங்கும். தலைய சுவத்துல ஒட்டி வைங்க. அது அசையக் கூடாது."

"தலைய ஒட்டினா தண்ணி எப்படி மா வாய்க்குப் போகும்?"

மூட்டுப்பூச்சி படியிறங்கிக் கீழே மருந்துக்கடைக்கு ஓடினாள். திரும்பி வரும்போது கையில் சுத்தமான மெல்லிய ரப்பர் குழாய். மனைவியின் அளவு நாடாவை வாங்கி, டிரைவரின் உதட்டுக்கும் டம்ளருக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தாள். அந்த நீளத்துக்குக் குழாயை வெட்டி, ஒரு முனையை அவர் வாயில் வைத்தாள். மறு முனை தொங்கியது.

"கை எவ்வளவு மேல வருதோ அவ்வளவு நீளம். டம்ளர் மேல வந்து குழாயைத் தொட்டாத்தான் தண்ணி. ஒரு மடக்கு குடிச்சதும் கைய முழுசா நீட்டி டம்ளர மேசையில வச்சிடணும். மறுபடி தூக்கணும். கை லேசா வர ஆரம்பிச்சதும், அக்கா, நீங்க கத்திரியால ஒரு விரக்கடை வெட்டிடுங்க. குழாய் குட்டையாக ஆக, முழங்கை இன்னும் மடங்கணும். டம்ளர்ல கொஞ்சமா ஊத்துங்க, பாவம், ராத்திரி தூங்கட்டும்."

"இப்ப அவர திருப்பிச் சொல்லச் சொல்லு" என்றார் மேடம்.

அவள் காத்திருந்தாள். நாக்கு நமைச்சலெடுத்தது. டிரைவர் யோசித்து யோசித்துச் சொன்னார்.

"கைய மடக்கு. தண்ணி ஒரு மடக்கு. கைய நீட்டு."

"ம்" என்றார் மேடம். புருவம் மேலே போயிருந்தது.

அதன் பிறகு பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கியில் புதுச் சத்தம் ஒன்று சேர்ந்துகொண்டது. "ஏழாம் நம்பர்" என்றதும், மைக்கை அணைக்காமலே டிரைவர் குழாயை வாயில் வைப்பார். உர்ர்ர் என்று ஓர் உறிஞ்சல் ஊரெல்லாம் கேட்கும். அப்புறம்தான் "கிளம்புது." புதிதாக வந்தவர்கள் பஸ்ஸுக்கு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கோணமானி நகர ஆரம்பித்தது. முதலில் கஞ்சத்தனமாக, பிறகு தாராளமாக. ஒருநாள் குழாய் எதிர்பார்த்ததைவிடக் குட்டையாக இருந்தது.

"என்னக்கா, அதுக்குள்ள இவ்வளவு வெட்டிட்டீங்க?"

"நேத்து ஒரு சின்னச் சண்ட" என்றார் மனைவி. "கோவத்துல சேத்து வெட்டிட்டேன்."

"பாதி நாள் தண்ணியே இறங்கல" என்றார் டிரைவர்.

"சண்டைய நாக்கோட வச்சுக்கோங்கக்கா, கத்திரிக்கு வேண்டாம். முழங்கைய அவசரப்படுத்தினா கோச்சுக்கும்."

குழாய் ஒரு விரல் நீளத்துக்கு வந்தது. அங்கே மாட்டிக்கொண்டது. டிப்போ டாக்டரைப் பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. "மடக்குங்க" என்று அவள் சொன்னால் கை உதட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும். புஜத்தின் பின்பக்கத் தசையைத் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். அன்றைக்கு டிரைவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பஸ்ஸு ஏன்ணா உங்களுக்கு அவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்டாள்.

கேட்டதோடு நிறுத்தினாள். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் அவளால் இருநூறு எலும்பையும் ஒப்பித்திருக்க முடியும். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க அன்னிக்கு பந்துக்கிண்ணம்னு சொன்னீங்கல்ல" என்று ஆரம்பித்தார் டிரைவர். "எங்க கியர் கம்பிக்கு அடியிலயும் அதேதான். பந்து கிண்ணத்துல உக்காந்திருக்கும். அதான் இப்படியும் போகும், அப்படியும் போகும்." இல்லாத கியரை இடது கை போட்டது. "படிக்கட்டுக் கதவு மடக்குக் கதவு, அது கீலு. ஸ்டியரிங் உங்க முளை மூட்டு. நீங்க பேசப் பேச நான் பஸ்ஸையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்." இப்போது வலது கை இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. "பின்னாடி அம்பது பேர் உக்காந்திருப்பாங்க. ஒருத்தரும் என்னப் பேசச் சொல்ல மாட்டாங்க. ஆனா அத்தனை பேரையும் வீட்டுல கொண்டுபோய் விட்டிருப்பேன். எனக்கு அது போதும் டாக்டரம்மா. அத விட்டுட்டு மைக்குல கத்திக்கிட்டிருக்க..." என்று சொல்லி, மூக்கின் நுனியைச் சொறிந்துகொண்டார்.

மூட்டுப்பூச்சி அசையவில்லை. சொறிந்தது வலது கை. கழுத்து அதே இடத்தில் நேராக இருந்தது.

பேசாமல் இருந்ததால்தான் அவள் அதைப் பார்த்தாள். கையை மடக்க முன்பக்கத் தசை இழுக்கும்போது பின்பக்கத் தசை விட்டுக்கொடுக்க வேண்டும். மடக்குங்க என்று கட்டளை போட்டால் பயத்தில் இரண்டும் சேர்ந்து இழுக்கின்றன, கீல் பூட்டிக்கொள்கிறது. மறந்துபோனால் திறக்கிறது. முழங்கை எப்போதோ சரியாகிவிட்டது. அது அவருக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணா, இப்ப உங்க கை மூக்கத் தொட்டுச்சு."

டிரைவர் கையைப் பார்த்தார். மறுபடி முயன்றார். கல்லானது.

"பரவால்ல, விடுங்க. குழாய இன்னிக்கோட தூக்கிப் போடுங்க. டம்ளர்லயே குடிங்க, எண்ணிக்கை அக்காவோடது. கையப் பத்தி நினைக்கவே வேண்டாம்."

டிப்போ மருத்துவ அறைக்கு அவளும் மேடத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு கூடப் போனாள். மேசையும் நாற்காலியும் கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையும் இருந்த சின்ன அறை. டிப்போ டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க யாரு?"

"இவரோட பிசியோ சார். இவருக்கு முழங்கையில கீல் மூட்டுதான் சார் பிரச்னை, முளை மூட்டு நல்லா..."

"பாக்கிறது என் வேலை மா. பேசறதா இருந்தா வெளிய நில்லுங்க."

அவள் தாடை மூட்டைப் பூட்டிக்கொண்டாள். மனைவி கதவோரம் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கைய நீட்டுங்க." நீண்டது. "உள்ளங்கைய திருப்புங்க." திரும்பியது. "தோளச் சுத்துங்க." சுற்றியது. "மடக்கி வாயத் தொடுங்க."

கை எழுந்தது. உதட்டுக்கு இரண்டு விரல் முன்னால் நின்றது.

"இன்னும்."

டிரைவரின் நெற்றி வியர்த்தது. கழுத்து மெல்ல முன்னால் வந்தது.

"கழுத்த கொண்டு வராதீங்க. கைய கொண்டு வாங்க."

கை வரவில்லை. டாக்டர் பேனா மூடியைத் திறந்தார். பயந்தால் இரண்டு தசையும் சேர்ந்து இழுக்கும் சார், கொஞ்சம் பொறுங்க சார் என்று ஆரம்பித்து மூட்டுப்பூச்சியின் தொண்டை வரைக்கும் ஆயிரம் வாக்கியம் ஏறி வந்தது. ஒன்றைச் சொன்னாலும் வெளியே அனுப்பிவிடுவார். அத்தனையையும் விழுங்கினாள். மேசையில் ஒரு கூஜாவும் டம்ளரும் இருந்தன. சத்தமில்லாமல் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி, டிரைவரின் வலது பக்கம் நகர்த்தி வைத்தாள்.

டாக்டர் என்ன என்று கேட்பதற்குள் கதவோரத்திலிருந்து, பழகிப்போன பழைய குரலில், "ஒண்ணு" என்றார் மனைவி.

கை அந்தக் குரலை அறியும். டம்ளரைச் சுற்றிக் கட்டை விரல் வளைந்தது, குதிரைச் சேணத்தில் உட்கார்ந்த ஆள் மாதிரி தன் சேண மூட்டில் சாய்ந்து. தோளின் பந்து கிண்ணத்துக்குள் லேசாக உருண்டது. கீல் மடங்கியது; இரண்டு விரலுக்கு முன்னால் நிற்கவில்லை, ஒரு விரலுக்கு முன்னால் நிற்கவில்லை. டம்ளரின் விளிம்பு உதட்டில் பட்டதும் முன்னங்கை எலும்பு ஒன்று மற்றதன் மேல் உருண்டு டம்ளரைச் சாய்த்தது. தாடை திறந்தது. ஒரு மடக்கு இறங்கியது. கழுத்து நேராக, அதுபாட்டுக்குச் சும்மா நின்றது. பிறகு கை முழுசாக நீண்டு டம்ளரை மேசையில் வைத்தது.

டாக்டரின் பேனா அந்தரத்தில் நின்றது. "இன்னொரு தடவ."

"ரெண்டு" என்றார் மனைவி.

கை இன்னொரு தடவையும் போய்வந்தது. இந்த முறை டிரைவரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தும் அது நிற்கவில்லை. டம்ளரை வைத்தவர், யாரும் சொல்லாமலே கையை மடக்கித் தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். வாயைத் தொட்டார். காதைத் தொட்டார். நீண்ட நாள் கழித்து வீட்டுக்கு வந்தவர் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். "பஸ் எடுக்கலாம்" என்றவர் மூட்டுப்பூச்சியைப் பார்த்தார். "தண்ணி குடிக்கிறதுல என்ன மா பயிற்சி குடுத்தீங்க?"

அவள் தன் வாயைச் சுட்டிக் காட்டினாள்.

"பேசலாம், பேசலாம்."

அந்த அனுமதியைக் கொடுத்ததற்காக டாக்டர் அன்று முழுவதும் வருந்தியிருப்பார். வெளியே காத்திருந்த அடுத்த டிரைவர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூட்டுத் திரவத்தில் ஆரம்பித்தவள் மடக்குக் கதவுக்கு வந்து சேர்ந்தபோது மனைவிதான் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

அடுத்த வாரம் அவள் வேலை முடிந்து பஸ் ஏறினாள். ஏழாம் நம்பர். ஒலிபெருக்கியில் இப்போது வேறு யாரோ, போகிற ஊரையும் சேர்த்து ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். முன் இருக்கை காலியாக இருந்தது. டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ஸ்டியரிங் பக்கத்தில் தண்ணீர் பாட்டில். முதல் திருப்பத்தில் அவர் ஸ்டியரிங்கை ஒடித்து மடக்கினார். வலது முழங்கை மடங்கி, நீண்டு, மடங்கியது. மூட்டுப்பூச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அண்ணா, கிளட்ச் மிதிக்கிறீங்கல்ல, அப்ப கணுக்கால்ல என்ன நடக்குது தெரியுமா? அதுவும் ஒரு கீலுதான், ஆனா அதுக்குக் கீழ இன்னொரு மூட்டு இருக்கு, பாதத்த உள்பக்கமா வெளிப்பக்கமா சாய்க்கிறது, ரெண்டும் சேந்து..."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. பஸ் நின்றது. டிரைவர் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டிருந்தது. முதல் நாள் அந்தரத்தில் நின்றுபோன அதே இடத்தைத் தாண்டி, நிற்காமல் மேலே வந்து, அவர் உதட்டின் மேல் படிந்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த ஃபேன் ஞாபகம் வந்தது.

சிரித்துக்கொண்டே வாயை மூடினாள். அடுத்த ஸ்டாப் வரைக்கும் திறக்கவில்லை.